சாமைக் கஞ்சியில் ஒரு மாத்திரை

அத்தியாயம் 14

வடக்கனந்தலில் தைரியநாதன் வீட்டுச் சேவல் இப்போதெல்லாம் கூவுவதில்லை.

அது கண் விழிப்பதற்குள் அவர் மனைவி உபகாரமேரி எழுந்து, வாசல் பெருக்கி, இரண்டு ஜாக்கெட் தைத்து, கொக்கியும் வைத்து முடித்துவிடுகிறாள். இனிமேல் கூவி யாரை எழுப்புவது? சேவலுக்கும் மானம் உண்டு. மூன்று வாரமாகக் கூரை மேல் ஏறி உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிறது, அவ்வளவுதான்.

நடுவில் விட்டுப்போனவர்களுக்கு நாலு வரி சொல்லிவிடலாம். மேரிக்குப் பதினோரு வருஷமாகத் தைராய்டு. தினம் ஒரு மாத்திரை போட்டும் உடம்பு ஊதியது, வயிறு உப்பியது, தையல் மிஷின் மேலேயே தலை வைத்துத் தூங்கினாள். ஒரு முறை தூக்கத்திலேயே மிதித்து, ஒரு ஜாக்கெட்டுக்கு மூன்று கை வைத்துவிட்டாள். ஆஸ்பத்திரியில் டாக்டர் சீட்டைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. 'உடம்பே டாக்டர்' என்கிற வாட்ஸப் குழுவிலோ நானூற்றுப் பன்னிரண்டு பேர், "மேரிக்கா, இன்னிக்கு வயிறு எப்படி?" என்று தினமும் கேட்டார்கள். கேட்கிற இடத்துக்குத்தானே மனுஷி போவாள்?

ஈஸ்டருக்கு அடுத்து வெள்ளிமலையில் நடந்த முகாமில், அந்தக் குழுவின் ஆசான் பாண்டியன் முன்னிலையில், மாத்திரைகளை ஒரு நீல டிரம் தண்ணீரில் கொட்டினாள் மேரி. அதற்கு 'மாத்திரை முழுக்கு' என்று பெயர். டிரம்மை அப்புறம் ஒரு குட்டையில் கவிழ்த்தார்கள். அந்தக் குட்டைத் தவளைகள் அன்று முதல் இரவு எட்டு மணிக்கு மேல் கத்துவதில்லை. பிரஷர் இறங்கிவிட்டது என்று மலையில் பேச்சு.

அன்றிலிருந்து மேரிக்குக் கடுக்காய்ப் பொடி, சாமைக் கஞ்சி, பதினாறு மணி நேரப் பட்டினி, வெறுங்காலில் பனிப்புல் நடை. "வயிறு சரியானா ஹார்மோன் தானா சரியாவும்" என்பது ஆசான் வாக்கு. மகள் பிரின்சி, கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் பில் போடுகிறவள், ஒரு வாரம் கத்தினாள். பிறகு அம்மாவோடு பேச்சையே நிறுத்திக்கொண்டாள்.

தைரியநாதன் கத்தவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. கலந்தார்.

நாலாம் நாள் முதல், விடியற்காலை டியூட்டிக்குக் கிளம்பும் முன், பழைய சீட்டைக் காட்டி மருந்துக்கடையில் வாங்கிவந்த அதே மாத்திரையில் ஒன்றை டிக்கெட் காகிதத்தில் மடித்து, டம்ளர் அடியால் நசுக்கி, மேரியின் கஞ்சிச் சொம்பில் போட்டுக் கலக்கிவிடுவார். கலக்கும்போது சிலுவை போட்டுக்கொள்வார். கஞ்சிக்கா, தனக்கா என்று அவருக்கே தெரியாது.

இன்று நாற்பத்தெட்டாவது நாள். ஒரு மண்டலம். வெள்ளிமலையில் இரண்டாவது முகாம். தொண்ணூறு பெண்கள் தங்கள் மாத்திரைக் கவரோடு வருகிறார்கள். அவர்கள் டிரம்மில் கொட்டுவதற்கு முன்னால் மேடையேறிச் சாட்சி சொல்லப்போகிறவள் உபகாரமேரி.

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பது எட்டாவது கட்டளை. சாட்சி சொல்கிறவளுக்குத் தெரியாமல் கஞ்சியில் கலக்காதே என்று எந்தக் கட்டளையும் இல்லை. அந்தச் சந்தில்தான் தைரியநாதன் இத்தனை நாள் குடித்தனம் செய்தார். இன்று சந்தின் மறுமுனை தெரிந்துவிட்டது. பஸ் வெள்ளிமலை போய்ச் சேர்வதற்குள் சொல்லியாக வேண்டும்.

அவர் கண்டக்டர். கள்ளக்குறிச்சி – வெள்ளிமலை பஸ். சாட்சி சொல்லப்போகிறவளும் அதே பஸ்ஸில்தான் ஏறினாள்.

"இன்னாங்க, இன்னும் எடுக்கல? மணி இன்னா ஆவுது? நான் நடந்தே போயிருப்பேன்!"

"நீ ஏறியே ஒரு நிமிசம் ஆவல மேரி. உக்காரு."

"உக்கார முடியலங்க. உடம்பு முழிச்சிக்கினுச்சி. நாப்பத்தெட்டாவது நாளு செல்லு செல்லா முழிக்கும்னு ஆசான் சொன்னாரில்ல?"

பச்சைப் பட்டுப் புடவை உடம்பில் நிற்காமல் நழுவியது. ஒன்பது கிலோ குறைந்திருந்தாள். கை நடுக்கத்தில் வளையல் ஓயாமல் கிலுகிலுத்தது. அதை விசில் என்று நினைத்து டிரைவர் ஐயப்பன் இரண்டு முறை பிரேக் போட்டார்.

அந்த நடுக்கத்தையும் மேரி வீணாக்கவில்லை. ஜாக்கெட் கழுத்தில் நேர்க்கோடு தைக்கப்போனால் கை உதறி உதறித் தானாக ஒரு பூக்கொடி விழுந்தது. கச்சிராயபாளையத்துப் பெண்கள் அதற்கு மயங்கி, "அதே டிசைன்தான் வேணும்" என்று வரிசையில் நின்றார்கள்.

டிக்கெட் கிழித்துக் கொடுக்கும் சாக்கில் அவள் மணிக்கட்டைத் தொட்டுப் பார்த்தார். மலையேறுகிற பஸ் என்ஜினுக்குக்கூட நடுவில் மூச்சு வாங்கும். இந்த நாடிக்கு அதுவும் இல்லை.

அவருக்குப் புரியாதது இதுதான். கலந்தது ஒரே ஒரு மாத்திரை. பதினோரு வருஷமாகப் போட்ட அதே அளவு. அப்போது தூங்கி விழுந்தவள் இப்போது எப்படிச் சேவலைத் தோற்கடிக்கிறாள்? ஒருவேளை கடுக்காயில் உண்மையிலேயே ஏதோ இருக்கிறதோ? சந்தேகம் தீர, போன மாதம் அவரும் இரண்டு நாள் தின்று பார்த்தார். அந்த இரண்டு நாளும் பஸ், நிறுத்தமே இல்லாத மூன்று இடங்களில் நின்றது. அதில் ஓர் இடத்தில் ஜனங்கள் இன்றைக்கும் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறார்கள்.

"மேரி, ஒரு விசயம்."

"நானும் அதான் சொல்ல வந்தேன். மேடையில முதல்ல வயித்துலர்ந்து ஆரம்பிக்கவா, கழுத்துலர்ந்து ஆரம்பிக்கவா?"

"அது இல்ல…"

"வயித்துலர்ந்தே ஆரம்பிக்கறேன். குடல்தான் கோயில். கோயிலு சுத்தமா இருந்தா சாமி தானா வந்து உக்காரும். எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு" என்றார் தைரியநாதன். பெயரை வைத்தவர்கள் வெறும் ஆசையில் வைத்திருக்க வேண்டும்.

கோமுகி அணை கடந்தது. மலை தொடங்கியது. ஒவ்வொரு வளைவிலும் அவர் வாயைத் திறந்தார். ஒவ்வொரு வளைவிலும் அவள் பேசிக்கொண்டிருந்தாள். நாலு வளைவுக்குள் சாட்சியை மூன்று முறை ஒத்திகை பார்த்துவிட்டாள். முன்சீட்டுப் பெரியவர் ஒருவருக்கு அது மனப்பாடமே ஆகிவிட்டது. அவள் தண்ணீர் குடிக்க நிறுத்தியபோது விட்ட இடத்திலிருந்து அவர் எடுத்துச் சொன்னார்.

பாதி மலையில் செங்கம்மாள் ஏறினாள்.

மேரிக்குக் கடுக்காயும் சாமையும் கொடுக்கிற மலைக்காரி. நாற்பது வயது இருக்கும். ஒரு காலில் செருப்பு இருந்தது, மறுகாலில் பழைய வேட்டித் துணி சுற்றியிருந்தது. துணியின் நுனியில் மஞ்சளாக ஈரம்.

"காலுல இன்னாம்மா?" என்றார் தைரியநாதன்.

"முள்ளு குத்துச்சி கண்டக்டரண்ணா. ஆறவே மாட்டேங்குது. ஆறும். குரூப்புல மேரிக்கா போட்ட வாய்ஸ் கேட்டதுலர்ந்து ஊசியும் இல்ல, மாத்திரையும் இல்ல. பன்னெண்டு நாளு!"

"சக்கரைக்கு ஊசி போட்டுக்கினு இருந்தியே, அதுவா?"

"அதேதான். இதோ பாருங்க, மிச்சத்தையெல்லாம் கொட்டிடலாம்னு எடுத்தாந்துட்டேன்." மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் காட்டினாள். அப்புறம் மேரியின் தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "எங்கக்கா மாதிரி ஆயிடணும். பாருங்களேன், எப்படி மினுக்குனு இருக்காங்க!"

கவருக்குள் இரண்டு இன்சுலின் குப்பிகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன.

தைரியநாதன் அந்தத் துணி சுற்றிய காலைப் பார்த்தார். பிறகு விசிலை வாயில் வைத்து ஒரே ஊதாக ஊதினார்.

பஸ் நட்ட நடு வளைவில் நின்றது. என்ன கலாட்டா என்று ஒருத்தன் போனைத் தூக்கி வீடியோ எடுக்கத் தொடங்கினான்.

"இன்னாண்ணா, டயர் வெடிச்சிடுச்சா?" என்று ஐயப்பன் தலையை நீட்டினார்.

"இன்னும் இல்ல. இப்பதான் வெடிக்கப்போவுது" என்றார் தைரியநாதன். மேரியின் பக்கம் திரும்பினார். அறுபது பேர் இருக்கிறார்கள் என்பது அவருக்கு மறந்துபோயிற்று. இருபத்தெட்டு வருஷம் கூட்டத்தில் கத்தியே பழகிய தொண்டை, ரகசியத்தையும் கத்தியேதான் சொன்னது.

"மேரி! உன் கஞ்சியில நான் மாத்திரை கலந்துக்கினு இருக்கேன். தைராய்டு மாத்திரை. நாப்பத்தஞ்சி நாளா. இன்னிக்குக் காலையிலகூட!"

வளையல் நின்றது.

பஸ்ஸில் யாரோ சிரிக்கத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

"கலந்தீங்களா?" என்றாள் மெதுவாக.

"உன் நல்லதுக்குத்தான்…"

"குடிக்கிறதுல கலந்தீங்களா? நம்ம ஊருல இருந்துக்கினு? கருணாபுரத்துல கள்ளச்சாராயத்தால தெருத் தெருவா பொணம் எடுத்தப்ப நாலு நாளு டூட்டிக்குப் போவாம, ஒவ்வொரு வூடா போய் நின்னு அழுதுட்டு வந்தீங்களே. 'இன்னா கலந்துருக்குதுன்னு தெரியாமயே குடிச்சிட்டாங்களே மேரி'ன்னு எங்கிட்டதானே அழுதீங்க? அந்த வாயி, இந்தக் கை, கலக்குமா?"

கடைசி சீட்டில் ஒருத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் கருணாபுரத்துக்காரி.

நாற்பத்தைந்து நாளும் அந்தச் சொம்பின் முன்னால் நின்றபோது இந்த நினைவு ஒரு தடவைகூட வராமல் பார்த்துக்கொண்டார் என்பது இப்போதுதான் தைரியநாதனுக்கே தெரிந்தது. டிக்கெட் மிஷினைக் கழற்றி சீட்டில் வைத்தார். கீழே இறங்கிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. இறங்கினால் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம்.

"தப்புதான்" என்றார். "உங்கிட்ட கேட்டிருக்கணும். கேட்டா நீ வேணாம்னு சொல்லுவ. நீ வேணாம்னு சொன்னா எனக்கு வேற வழி தெரியல."

மேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் கழுத்து நரம்பு துடிப்பது மூன்று சீட் தள்ளியும் தெரிந்தது. ஐயப்பன் என்ஜினை அணைத்தார். யாரும் நேரமாகிறது என்று சொல்லவில்லை.

மேரி தோள்பையைத் திறந்தாள். மூக்குக் கண்ணாடிக் கூட்டை எடுத்தாள். கூட்டுக்குள்ளிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

அதில் ஏழு குழி காலி.

"இன்னா இது?"

"அதேதான்."

"இது எப்படி… நீதான் டிரம்முல கொட்டிட்டியே!"

"அன்னிக்குக் கொட்டினது பிரின்சியோட சத்து மாத்திரை." ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள். "நெசத்தக் கொட்ட மனசு வரல, சும்மா போடாம வுட்டுப் பாக்கலாம்னு இருந்தேன். மூணாம் நாளே பயந்துட்டேன். மாத்திரைய வுட்டுட்டுக் கோமாவுக்குப் போன பொம்பளையப் பத்தி ஒருத்தங்க குரூப்புல போட்டாங்க. உடனே ஆசான் அதை அழிச்சிட்டாரு. அழிக்கறதுக்குள்ள நான் படிச்சிட்டேன். அதுக்குள்ள என்ன தலைவியாக்கிட்டாங்க. போட்டோ வேற போட்டுட்டாங்க. எப்படிங்க சொல்றது? தெனம் காலையில ஜெபம் பண்ணிட்டு ஒன்னு போட்டுக்கினுதான் இருக்கேன்."

தைரியநாதன் அட்டையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார்.

"அப்ப ரெண்டு" என்றார்.

"ரெண்டு" என்றாள் மேரி.

முன்சீட்டுப் பெரியவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் பஸ்ஸே சிரித்தது. அந்தச் சிரிப்பின் அதிர்வில் பஸ் நாலடி பின்னால் உருண்டது, ஐயப்பன் பதறிப்போய்க் கைபிரேக்கை இழுத்தார். மேரி மட்டும் சிரிக்கவில்லை. தைரியநாதனும் சிரிக்கவில்லை. இருவரும் ஒரே நேரத்தில் செங்கம்மாளைப் பார்த்தார்கள். அவள் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, மேரிக்கா… நீங்க வுடவே இல்லியா?"

"வண்டிய எடுக்கச் சொல்லுங்க" என்றாள் மேரி, புருஷனிடம். "மேடையில ஆள் காத்துக்கினு இருக்கும்."

தைரியநாதன் இரண்டு விசில் கொடுத்தார்.

வெள்ளிமலையில் சாமியானா பந்தலும் மைக் செட்டும் நீல டிரம்மும் தயாராக இருந்தன. ஆசான் பாண்டியன் முன்பு போர்வெல் ஏஜெண்டாக இருந்தவர். பூமியின் வயிற்றில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, பல ஊர்களில் வெறும் புழுதி வந்த பிறகு, மனுஷ வயிற்றுக்கு மாறிக்கொண்டார். இங்கே புழுதி வெளியே தெரிவதில்லை.

திரும்புகிற டிரிப்புக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. தைரியநாதன் பந்தல் ஓரத்தில், தோல் பையோடு, ஒரு கால் உள்ளே ஒரு கால் வெளியே நின்றார்.

மேரி மைக்கைப் பிடித்தாள். மைக்கும் சேர்ந்து நடுங்கியது.

"எல்லாரும் மன்னிக்கணும். எனக்கு ஒம்பது கிலோ கொறஞ்சது நெசம். தூக்கம் போனது நெசம். ஆனா நான் மாத்திரைய வுடல. தெனமும் ஒன்னு திருட்டுத்தனமா நான் போட்டேன். இன்னொன்னு, எனக்கே தெரியாம எங்க வூட்டுக்காரரு கஞ்சியில போட்டாரு. இந்தப் பரபரப்பு கடுக்காயால வந்தது இல்ல. ரெண்டு மாத்திரையால வந்தது. என்னப் பாத்து யாரும் எதையும் கொட்டாதீங்க."

பந்தலில் கசமுசாவென்று பேச்சு எழுந்தது. ஆசான் ஒரு நொடிதான் திகைத்தார். போர்வெல்காரருக்குப் புழுதி புதிதல்ல. பாய்ந்து வந்து மைக்கை வாங்கினார்.

"பாத்தீங்களா தாய்மாருங்களே! தெனம் ரெண்டு மாத்திரை! ரெண்டு மாத்திரை விசத்தையும் முறியடிச்சி, ஒம்பது கிலோ கொறச்சி, உங்க முன்னால நிக்குது இந்த உடம்பு! இதான் கடுக்காயோட பவரு!"

கைதட்டல் பந்தலைத் தூக்கியது.

உண்மையைச் சொன்னால் ஒரு கதை முடிந்துவிடும் என்று தைரியநாதன் நம்பியிருந்தார். அந்த நம்பிக்கை அங்கேயே, டிரம்முக்கும் மைக்குக்கும் நடுவில், காலமாயிற்று.

பெண்கள் வரிசையாக டிரம்மை நோக்கி நகர்ந்தார்கள். பாதிப் பேர் கொட்டினார்கள். மீதிப் பேர் தங்கள் கவரைச் சத்தமில்லாமல் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டு, கழிப்பறை எங்கே என்று கேட்கிற மாதிரிப் பின்பக்கம் நழுவினார்கள். வரிசையின் நடுவில், துணி சுற்றிய காலை இழுத்துக்கொண்டு செங்கம்மாள் வந்தாள். கவரின் வாயைப் பிரித்துவிட்டாள்.

மேரி மேடையிலிருந்து படி இல்லாத பக்கமாகவே குதித்து அவள் கையைப் பிடித்தாள்.

"வாடி."

"எங்கக்கா? ஆசான் சொல்றாரே…"

"அவரு காலுலயா சீழு வைக்குது? உன் காலுல வைக்குது. வா, ஆஸ்பத்திரிக்கு."

"அப்ப கடுக்காய வுட்டுடணுமா?"

"ஊசியும் போட்டுக்கோ, கடுக்காய டாக்டரக் கேட்டுக்கினு துன்னு. அதுக்கும் இதுக்கும் சண்டை இல்ல. எனக்கும் இந்தாளுக்கும்தான் சண்டை."

இந்தாளாகிய தைரியநாதன் பின்னால் நொண்டாத குறையாக ஓடினார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் செவ்வந்தி என்று ஒரு சின்னப் பெண். அன்றைக்குக் கூட்டமில்லை, ஊரே பந்தலில் இருந்தது. செங்கம்மாளின் விரலில் குத்தி மிஷினில் வைத்தார். மிஷின் எண்ணைக் காட்டவில்லை, எல்லை தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. டாக்டர் முகம் மாறியது. துணியை அவிழ்த்துப் பார்த்ததும் நர்ஸைக் கூப்பிட்டார், ஊசி போட்டார், 108-க்குச் சொல்லச் சொன்னார்.

"இன்னும் நாலு நாள் போயிருந்தா காலையே எடுத்திருக்கணும்" என்றார். செங்கம்மாள் மேரியின் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள். தோளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளவில்லை. சும்மா பிடித்துக்கொண்டிருந்தாள், விழுந்துவிடாமல் இருக்க.

பிறகு டாக்டரின் பார்வை மேரியின் கழுத்தில் நின்றது.

"நீங்க உக்காருங்கம்மா."

"எனக்கு ஒன்னுமில்ல டாக்டர், தெரிஞ்சிபோச்சி…"

"உக்காருங்க."

அந்தச் சின்னப் பெண் சீட்டைப் பார்க்கவில்லை. மேரியின் முகத்தையே பார்த்தபடி, ஒரு முழு நிமிஷம் நாடி பிடித்தார். பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக நடந்ததால் மேரிக்கு அழுகை வந்துவிட்டது.

"நூத்தி முப்பத்தாறு. துடிப்பு சீராவும் இல்ல" என்றார் டாக்டர். "எத்தனை மாத்திரை?"

"ரெண்டு" என்றார்கள் இருவரும்.

"ரெண்டுமே வெறும் வயித்துலயா?"

"நான் போட்டது வெறும் வயித்துல. இவரு கஞ்சியில."

டாக்டர் சீட்டில் இரண்டு என்று எழுதிவிட்டு, பேனாவை மேஜையில் தட்டினார். "கஞ்சியோட போனா பாதிகூட ஒழுங்கா உடம்புல சேராது. நீங்க சொல்ற கணக்குக்கு இவ்ளோ ஆட்டம் வரக்கூடாதும்மா. இன்னும் எங்கிருந்தோ போவுது. இன்னிக்கே கீழ போய் ஈசிஜி எடுத்தாகணும், அதுக்கு முன்னாடி எனக்கு சரியான கணக்கு வேணும். யோசிச்சு சொல்லுங்க. வீட்ல வேற யாரு உங்களுக்கு ஏதாவது குடிக்கக் குடுக்கறது?"

மேரி யோசித்தாள்.

"மக பேசறதில்ல எங்கிட்ட" என்றாள் தனக்குத்தானே. "ஆனா ராத்திரி சீரகத் தண்ணி மட்டும் வச்சிட்டுப் போவா. கோவத்துலயும் இதச் செய்யறாளேன்னு நான் சந்தோசமா…"

அப்போது தைரியநாதனின் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. பிரின்சியிடமிருந்து செய்தி.

*அப்பா, பஸ்ஸுல நீங்க பேசுன வீடியோ பாத்தேன். நீங்களுமா?*

தைரியநாதன் போனை மனைவியிடம் நீட்டினார். மேரி படித்தாள். டாக்டரிடம் நீட்டினாள். டாக்டரும் படித்துவிட்டு, இரண்டை அடித்து மூன்று என்று எழுதினார்.

செய்திக்குக் கீழே பிரின்சி இன்னும் எதையோ தட்டிக்கொண்டே இருந்தாள்.